கேஸுக்கு எந்த ஊரு, மருமவனே?

வாய்யா மருமவனே, வா. மூஞ்சி ஏன் இப்படிக் காய்ஞ்ச கருவாடா இருக்கு? மொதல்ல உக்காரு. திண்ணையில வேண்டாம், ராத்திரி அதுல சேவல் அடைஞ்சு கெடந்துச்சு. இந்தக் கட்டில்ல உக்காரு. ஏளா, மருமவனுக்கு ஒரு செம்பு மோரு கொண்டா. உப்பு ஒரு கல்லு கூடவே போடு. பயலுக்கு ரோஷம் கொறைஞ்சிரக் கூடாது பாரு.

கையில என்ன, நோட்டீஸா? குடு பாப்பம். ஐகோர்ட்டு மதுரைக் கிளை. அடேயப்பா. கண்ணாடி இல்லாம எனக்குத் தலைப்புதான் தெரியும். மிச்சத்தைப் பேத்தி வாசிக்கட்டும். லா காலேஜ்ல மூணாம் வருஷம் படிக்கா. லீவுக்கு வந்தவ, ஆட்டுக்குட்டி மேலே கூடச் செக்சன் போட்டுக்கிட்டு அலையுதா.

இந்தா, கேட்டுக்கிட்டியா? நீ திருச்சி குடும்பக் கோர்ட்டுல போட்ட விவாகரத்து கேஸைக் கோவில்பட்டி சப் கோர்ட்டுக்கு மாத்தித் தரணும்னு ஒம் பொண்டாட்டி மனுப் போட்டிருக்கா. அதுக்குத்தான் இம்புட்டு ஆவேசமா? “என் கேஸை அவ எப்படி மாமா தூக்கிட்டுப் போகலாம்?”ங்கிறே. அஞ்சு வருசத்துல நீ அவளை “என் பொண்டாட்டி”ன்னு வாய் நெறையச் சொல்லி நான் கேட்டதில்ல. கேஸை மட்டும் எம்புட்டு வாஞ்சையா “என் கேஸு”ங்கிறே. இந்த வாஞ்சையில பாதி அங்கிட்டுப் போயிருந்தா நோட்டீஸே வந்திருக்காது. சரி, அது பழங்கதை.

ஒண்ணு கேக்கேன். கல்யாணம் எங்கே நடந்துச்சு? கோவில்பட்டி மண்டபத்துல. ரெண்டு பஸ்ஸு, ஒரு வேனு பிடிச்சு வந்தோம். ஒங்க சித்தப்பன் சாத்தூர்ல வண்டியை நிப்பாட்டச் சொல்லி ரெண்டு கிலோ காராச்சேவு வாங்குனாரு. அப்ப எவனாச்சும் “பொண்ணு வீட்டுக்கு நாம ஏன் போகணும், தாலிய வாங்க அவளைத் திருச்சிக்கு வரச் சொல்லு”ன்னு சொன்னானா? கட்டுறதுக்கு இருந்த வழி அவுக்குறதுக்கு மட்டும் எப்படித் தூரமாச்சு?

சட்டமும் அதைத்தான் சொல்லுதுன்னு பேத்தி சொல்லுதா. 1955-ல வந்த இந்து திருமணச் சட்டம், 19-ஆம் பிரிவு. கல்யாணம் நடந்த ஊரு, எதிராளி குடியிருக்கிற ஊரு, ரெண்டு பேரும் கடேசியாச் சேந்து குடியிருந்த ஊரு, இதுல எங்கே வேணும்னாலும் கேஸ் போடலாம். அப்படிப் பாத்தா கோவில்பட்டியில போட ஒனக்கும் உரிமை இருந்துச்சு, ஒண்ணுக்கு ரெண்டா. நீ திருச்சியைப் பிடிச்சே. ஏன்? ஆபீஸ் பக்கம், மத்தியானம் வந்து சாப்பிட்டுக்கிடலாம். தப்புங்கல. ஒனக்குப் பக்கமா இருக்கிறதைத்தான் நீயும் தேடுனே. அதையே அவ தேடுனா “திமிரு”ங்கிறே, அங்கேதான் எனக்கு மோரு புளிக்குது.

2003-ல அந்த 19-ஆம் பிரிவுல இன்னொரு வரியும் சேத்தாங்க. பொண்டாட்டி கேஸ் போட்டா, அவ இப்ப குடியிருக்கிற ஊர்லயே போட்டுக்கிடலாம்னு. அதுக்கு முன்னால, புருஷன் வீட்டை விட்டு வந்தவ, கல்யாணம் அங்கே நடக்கலேன்னா அம்மா வீட்டு ஊர்ல போட வழியில்லாம, அடிச்சுத் தொரத்துன ஊருக்கே போயி நிக்கணும். அவ உன்னை முந்தியிருந்தா ஒரு மனுவும் இல்லாமக் கோவில்பட்டியிலயே போட்டிருப்பா. முந்தினது நீ. அதான் இப்ப ஐகோர்ட்டு வாசல்ல நிக்கா.

எதுக்குத் துள்ளுறே? ஓ, “பிரிவு 24”னு போட்டிருக்கிறதைப் பாத்தா? “24-க்குத்தான் மாசாமாசம் பணம் கட்டிக்கிட்டு இருக்கேனே மாமா, மறுபடியும் என்ன 24?”ங்கிறியாக்கும். அது வேற 24, இது வேற 24. இந்து திருமணச் சட்டத்துல 24-னா கேஸ் நடக்கிற வரைக்கும் கஞ்சிக்கும் கோர்ட்டுச் செலவுக்கும் பணம். சிவில் நடைமுறைச் சட்டத்துல 24-னா கேஸையே தூக்கி இன்னொரு கோர்ட்டுல வைக்கிறது. ஒரு மாவட்டத்துக்குள்ளன்னா மாவட்ட ஜட்ஜே மாத்துவாரு. மாவட்டம் விட்டு மாவட்டம்னா ஐகோர்ட்டு. ரெண்டு 24-உம் ரெட்டைப் புள்ளைக மாதிரி. ஒருத்தனை அடிக்கப் போயி இன்னொருத்தனை அடிச்சிராதே. இதோட முடிஞ்சுதுன்னும் நெனைக்காதே, பின்னால 25 நிக்கான். அவனும் ரெட்டை. திருமணச் சட்டத்துல 25-னா நிரந்தர ஜீவனாம்சம். சிவில் சட்டத்துல 25-னா மாநிலம் விட்டு மாநிலம் கேஸை மாத்துறது. அதுக்கு டெல்லிக்குப் போயிச் சுப்ரீம் கோர்ட்டுல நிக்கணும். பெங்களூருக்கு மாத்தலாகிப் போகணும்னு ஒரு தடவை குதிச்சியே, ஞாபகம் இருக்கா? அவளோட போயிக் குடியிருந்து அங்கே போட்டிருந்தா இந்நேரம் நீயும் அவளும் டெல்லி ரயில்ல ஒரே பெட்டியில போயிக்கிட்டு இருப்பிய. ரெண்டு ராத்திரி. கேஸே இல்லாமப் போயிருந்தாலும் போயிருக்கும்.

செலவுப் பணம் கேக்குற அந்த 24, புருஷனுக்கும் உண்டாம். சம்பாத்தியம் இல்லாதவன் பொண்டாட்டிகிட்ட கேக்கலாமாம். கேக்கியா? தீப்பெட்டி ஆபீஸ்ல கணக்கு எழுதி அவ வாங்குற சம்பளத்துல ஒனக்கு டீக்காசு கெடைக்கும்.

சிரிச்சிட்டியா? சரி, இப்ப ஒழுங்காப் பேசுவம்.

திருச்சிக்கு அவ எப்படி வருவா, அதை யோசிச்சுப் பாத்தியா? 230 கிலோமீட்டர் பக்கம். காலையில கோர்ட்டு கூப்பிடும்போது நிக்கணும்னா முந்தின சாமத்துலயே பொறப்படணும். புள்ளைக்கு நாலு வயசு. விட்டுட்டு வரவா, தூக்கிட்டு வரவா? தொணைக்கு அவ அப்பன் வரணும், அவனுக்கு முழங்கால்ல நீரு கோத்துக் கெடக்கு. பொம்பளைகளுக்கு இலவச பஸ்ஸுங்கிறே, அது டவுன் பஸ்ஸோட சரி. திருச்சி பஸ்ஸுல அவளுக்கும் அப்பனுக்கும் ரெண்டு டிக்கெட்டு எடுத்தே ஆகணும். தீப்பெட்டி ஆபீஸ்ல ஒரு நாள் சம்பளம் போச்சு. எல்லாம் செஞ்சு கோர்ட்டுக்குள்ள நுழைஞ்சா ஒங்க வக்கீலு எந்திரிச்சு “வாய்தா”ம்பாரு. அந்த ஒரு சொல்லுக்கு இம்புட்டு தூரமா?

ஆமா, நீ என்கிட்ட நாயம் கேக்கத் திருச்சியில இருந்து எப்படி வந்தே? கோவில்பட்டி வழியாத்தானே? பஸ்ஸு மாறி, டீ குடிச்சு, கடலைமிட்டாயும் வாங்கியிருக்கே, பையில கவரு தெரியுது. மாமன்கிட்ட பொலம்புறதுக்குக் கோவில்பட்டி பக்கம். கேஸுக்குன்னா தூரம்.

எதிர்மனுவுல என்ன எழுதப் போறே? வக்கீலு எழுதிட்டாரா, குடு. பேத்தி, இதையும் வாசி. “மனுதாரர் கடந்த ஆடி மாதம் சமயபுரம் மாரியம்மன் கோவிலுக்கு வந்து சென்றுள்ளார். எனவே பயணம் அவருக்குச் சிரமமன்று.” நல்லா இருக்கு! மாரியாத்தா வாய்தா போட மாட்டாய்யா. போன அன்னைக்கே பாத்து, விபூதி குடுத்து, அனுப்பி வச்சிருவா. இதை ஜட்ஜ் அய்யா முன்னால வாசிச்சா அவரு சிரிக்கலேன்னாலும் டவாலி சிரிப்பான்.

“முந்திப் போட்டவன் நான், அப்ப என் கோர்ட்டுதானே மாமா”ன்னு கேக்கே. வெவரமாத்தான் கேட்டிருக்கே. திருமணச் சட்டத்துல 21-ஏன்னு ஒரு பிரிவு கெடக்கு. ரெண்டு பேரும் ஆளுக்கொரு கோர்ட்டுல விவாகரத்து கேட்டா, பிந்தினது முந்தினதோட போயிச் சேரணும்னு சொல்லுது. ஆனா கேஸை எடுத்து மாத்துற பெரிய அதிகாரத்தை அது கட்டிப்போடாதுன்னு 1981-லயே சுப்ரீம் கோர்ட்டு சொல்லியாச்சாம். அது போக, அவ கேட்டிருக்கிறது விவாகரத்து இல்லையே, சேந்து வாழணும்னுல்ல கேட்டிருக்கா. பிரிவு 9. நீ வெட்டிவிடுங்கன்னு திருச்சியில கேக்கே, அவ ஒட்டிவைங்கன்னு கோவில்பட்டியில கேக்கா. ஒரு கோர்ட்டு வெட்டி, ஒரு கோர்ட்டு ஒட்டினா என்ன செய்வே? திங்கக்கெழமை புருஷன், செவ்வாக்கெழமை புருஷன் இல்லைன்னு இருப்பியா? ரெண்டையும் ஒரே ஜட்ஜ் பாக்கணும்னு ஐகோர்ட்டு சொல்லுறதுக்கு இதுவே போதும். புள்ளைக்கான ஜீவனாம்சக் கேஸும் கோவில்பட்டியில கெடக்கு. “அந்தக் கேஸுக்கு எப்படியும் வருவீரு, இதுக்கும் வாரும்”னு சொல்லிட்டா ஒனக்கு வாயிருக்கா?

இப்ப ஒனக்கும் ரெண்டு வார்த்தை நல்லது சொல்லுதேன். அவ பக்கமே பேசுதேன்னு ஒங்கம்மாகிட்ட போயிச் சொல்லாதே.

பொம்பளை மனுப் போட்டா ஒடனே மாத்திருவாகன்னு ஒண்ணும் இல்ல. சுப்ரீம் கோர்ட்டுல முன்னால ஒரு கேஸு. இந்த மாதிரி மனுவா வந்து குமியுது, பொம்பளைகளுக்கு எரக்கம் காட்டினதைச் சிலபேரு தப்பாப் பயன்படுத்துறாகன்னு கோர்ட்டே சொல்லி, கேஸை மாத்த மாட்டோம்னுடுச்சு. ஆனா அதோட விட்டுச்சா? அவளும் தொணைக்கு வார ஆளும் வந்து போற செலவு, தங்குற செலவு அம்புட்டையும் ஒவ்வொரு தடவையும் புருஷன் குடுக்கணும்னு சொல்லிருச்சு. ஆக மாத்தலேன்னாலும் பஸ்ஸு டிக்கெட் ஒன் தலையில. நீ வரலேன்னா அவ வருவா, ஒம் பணத்துல வருவா. இதுல ஜெயிக்கிறதுன்னா என்னன்னு எனக்கு வெளங்கல.

நம்ம பக்கத்துக் கேஸும் ஒண்ணு இருக்கு. 2022-ல. வேலூர்ல புருஷன் போட்டது, சென்னைக்கு மாத்தித் தரணும்னு பொண்ணு கேட்டுச்சு. ஐகோர்ட்டு முடியாதுன்னுச்சு, சுப்ரீம் கோர்ட்டு மாத்திக் குடுத்துச்சு. ரெண்டு பேரோட வரும்படி என்ன, எப்படி வாழ்ந்தவுக, இப்ப யாரு கையை நம்பிக் கஞ்சி குடிக்காக, இதையெல்லாம் பாக்கணும், நம்ம நாட்டு நெலமையில பொதுவாப் பொண்டாட்டி வசதியைத்தான் பாக்க வேண்டியிருக்குன்னு அதுல இருக்காம். வேலூருக்கும் சென்னைக்கும் எம்புட்டு தூரம்னு பேத்தி போன்ல பாத்தா, 140 கிலோமீட்டர் பக்கம் வந்துச்சு. உன்னது அதை விட 90 கூட. சும்மா சொல்லி வைக்கேன்.

“வீடியோவுல பேசிக்கிடலாமே மாமா, யாரும் எங்கேயும் போக வேண்டாம்”னு மூளைக்காரனா கேக்கே. கேப்பேன்னு தெரியும். 2017 மார்ச்சு மாசம் சுப்ரீம் கோர்ட்டுல ரெண்டு ஜட்ஜுக அதைத்தான் சொன்னாக. கேஸை மாத்துறதுக்குப் பதிலா வீடியோ வையிங்கன்னு. அக்டோபர்ல மூணு ஜட்ஜுக ஒக்காந்து, ரெண்டுக்கு ஒண்ணுன்னு அதை மாத்திட்டாக. குடும்பக் கேஸுன்னா மொதல்ல சேத்து வைக்கப் பாக்கணும். அது மூஞ்சிக்கு மூஞ்சி ஒக்காந்து பேசுறது. பேசியும் ஒத்து வரலேன்னா, ரெண்டு பேரும் சேந்து கேட்டா அப்ப பாக்கலாம்னு. சேந்து ஒரு மனு எழுத ஒங்க ரெண்டு பேருக்கும் முடிஞ்சா இந்த வீட்டுக்கு நீ எதுக்குய்யா வந்திருக்கப் போறே?

மோரு குடி. ஆறிப் போகும்னு சொல்ல முடியாது, இருந்தாலும் குடி.

ஒனக்கு ஒரு பழைய சங்கதி சொல்லணும். எனக்கும் பக்கத்துக் காட்டுக்காரனுக்கும் வரப்புல நின்ன ஒத்தப் பனைக்கு 14 வருசம் கேஸ் நடந்துச்சு. அது மேல்முறையீட்டுக்கு ஐகோர்ட்டு போச்சு. அப்ப ஐகோர்ட்டுன்னா சென்னைதான். சாயங்காலம் ரயிலேறி, ராத்திரி பூரா கக்கூஸ் பக்கத்துல குத்த வச்சு, விடிய எறங்கி, எழும்பூர்ல ஒரு கொழாயில மூஞ்சி கழுவி, கோர்ட்டு வராண்டாவுல போயி நிப்பேன். வக்கீலு எட்டிப் பாத்து “இன்னைக்கு வராது போல இருக்கே”ம்பாரு. திரும்ப ரயிலு. போக வர 1,200 கிலோமீட்டரு. பனையில ஒரு பருவம் நுங்கு வித்தா வர காசு அதுலயே போச்சு. கடேசியில ஒரு காத்துல பனையே சாஞ்சுருச்சு. தீர்ப்பு வந்தப்ப அதை அடுப்புல வச்சு ஒங்கத்தை புட்டு அவிச்சா.

என்னை மாதிரி எத்தனை பேரு! குமரியில இருந்து, நெல்லையில இருந்து, ராமநாதபுரத்துல இருந்து. தென்சீமையில வக்கீல்மாரு எத்தனையோ வருசம் கத்துனாக. தூரம், செலவு, ஏழைக்குக் கட்டாது, கோர்ட்டு எங்க பக்கம் வரணும்னு. அப்படிக் கத்தித்தான் 2004 சூலை 24-ஆம் தேதி மாட்டுத்தாவணிக்குப் பக்கத்துல மதுரைக் கிளையைத் தொறந்தாக. நல்லாக் கேட்டுக்கோ மருமவனே. தென்சீமை ஆம்பளைக அம்புட்டுப் பேரும் சேந்து போட்ட இடமாத்த மனுதான்யா அந்தக் கட்டடம். எங்களுக்குத் தூரம்னு அழுதோம். மாத்திக் குடுத்தாக. இப்ப அதே கட்டடத்துல போயி, ஒரு பொட்டப்புள்ள “எனக்குத் தூரம்”னு சொன்னா, “பொய்யி, இழுத்தடிக்கப் பாக்கா”ன்னு எதிர்மனு எழுதுறே. அதுலயும் 24-ஆம் தேதி. பாத்தியா, 24 உன்னை விடாது போல.

இழுத்தடிக்கப் பாக்கான்னே வையி. சில பொம்பளைக செய்யத்தான் செய்யுதாக, நான் இல்லைங்கல. மனுப் போட்டு, இடைக்காலத் தடையை வாங்கி, அப்புறம் ஒரு வருசம் அந்தப் பக்கம் தலை வச்சும் படுக்காதவுகளை எனக்கே தெரியும். அதுக்கு மருந்து என்ன? நீ எதிர்த்து நின்னாத்தான் இழுக்கும். நோட்டீஸு, எதிர்மனு, அதுக்குப் பதிலு, உன் வக்கீலுக்குக் காய்ச்சலு, அவ வக்கீலு வீட்டுல விசேஷம், அப்புறம் மே மாச லீவு. கேஸை நோட்டீஸ் சார்வான நாள்ல இருந்து ஆறு மாசத்துல முடிக்கப் பாக்கணும்னு 21-பியில எழுதியிருக்காம். எழுதுன புண்ணியவான் நல்லா இருக்கட்டும். நீ ரெண்டு வருசத்துக்கு எந்த ஊர்ல சண்டை போடுறதுன்னு சண்டை போடப் போறே. நெசச் சண்டை அதுக்கப்புறந்தான் ஆரம்பிக்கும். அதுக்குள்ள ஒனக்கு முன்னால முடி கொட்டிரும், பின்னால பொண்ணும் கெடைக்காது.

எதிர்க்கலேன்னா என்ன ஆகும்? “ஆட்சேபணை இல்லை”ன்னு உன் வக்கீலு ஒரு மெமோ போடுவாரு. அதோடயே ரெண்டு விசயம் கேக்கச் சொல்லு. ஒண்ணு, ஒவ்வொரு வாய்தாவுக்கும் நீ நேர்ல வர வேண்டாம், சமரசத்துக்கும் சாட்சிக் கூண்டுக்கும் மட்டும் வந்தாப் போதும்னு. ரெண்டு, கோவில்பட்டி கோர்ட்டு இத்தனை மாசத்துக்குள்ள முடிக்கணும்னு ஒரு கெடு. இந்த மாதிரி உத்தரவு ஐகோர்ட்டுல சகஜமாக் குடுக்காக. விட்டுக்குடுக்கிறவன் கேட்டா ஜட்ஜ் அய்யா காது குடுப்பாரு. சமயபுரத்தை இழுக்கிறவனுக்குக் குடுக்க மாட்டாரு.

என்ன அப்படிப் பாக்கே? “ஒங்களுக்கு இம்புட்டு வெவரம் எப்படி மாமா தெரியும்”னா? எனக்கு எழுத்துக் கூட்டி வாசிக்கத்தான் தெரியும். ஆனா ஒனக்கு நான் தாய்மாமன்னா அவளுக்கு யாரு? என் சித்தப்பன் மகன் பெத்த புள்ள. பெரியப்பன்யா நான். அவ அப்பனுக்கு முழங்கால் ஆகாதுன்னு சொன்னேன்லா. அப்ப மதுரையில வக்கீலைப் பாத்து, அபிடவிட்டுல அவ கையெழுத்துப் போடையில புள்ளையத் தூக்கி வச்சிருந்தது யாருன்னு நெனைக்கே?

எந்திரிக்காதே, ஒக்காரு. மோரை முழுசாக் குடி. உப்புக் கூடப் போட்டது வேலை செய்யுது போல.

நான் ஒனக்குத் துரோகம் செய்யல. பிரியணும்னா பிரிங்க, சேரணும்னா சேருங்க, அது ஒங்க ரெண்டு பேரு பாடு. ஆனா அந்தப் புள்ள மடியில கெடந்து “அப்பா ஊருக்கா தாத்தா போறோம்”னு கேட்டுச்சு. மாட்டுத்தாவணியில நான் என்ன பதிலு சொல்ல? கேஸு கோவில்பட்டிக்கு வந்தா, வர்றப்பவாச்சும் பயலை நீ பாக்கலாம். திருச்சியிலயே இருந்தா, விட்டுட்டு வந்தா நீ பாக்கவும் முடியாது, தூக்கிட்டு வந்தா அவன் பஸ்ஸுல வாந்தி எடுப்பான்.

புதன்கெழமை மதுரையில சமரச மையத்துக்கு ஒங்களைக் கூப்பிட்டிருக்காக. காலையில முத பஸ்ஸுல நாங்க மூணு பேரும் வாரோம். எதிர்மனுவை இங்கேயே வச்சிட்டுப் போ, பேத்தி படிச்சுச் சிரிக்கட்டும். பயலுக்கு ஒரு சட்டை எடுத்துட்டு வா. போன தீவாளிக்கு எடுத்த அளவு இப்பப் பத்தாது.